உலோகத் தகட்டில் கையால் செதுக்குதல்: முதல் கோட்டிலிருந்து முதல் பெயர் வரை

உலோகத்தில் நுணுக்கமாகச் செதுக்கப் பழக வருகிறவர்களில் பலர் முதல் நாளே ஒரு மயிலையோ பிள்ளையாரையோ வரைந்து எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் உளி வழுக்கித் தகடு முழுக்கக் கீறல் விழுந்துவிடும். “கை நடுங்குது, இது நமக்கு வராது” என்று எழுந்துவிடுவார்கள். அவர்கள் கையில் ஒரு கோளாறும் இருக்காது. அந்த உளியின் நுனியை லூப் என்ற சின்ன உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் உடைந்தோ மழுங்கியோ இருக்கும், அல்லது தகடு மேசையில் ஆடிக்கொண்டிருக்கும்.

தொடக்கத்தில் வரும் சிக்கல்களில் முக்கால்வாசி நுனியிலும் தகட்டைப் பிடித்திருக்கும் விதத்திலும்தான். அதனால் இங்கே தீட்டுவதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குத் தேவை.

சுத்தியல் இல்லாமல், காற்றழுத்தக் கருவி இல்லாமல், உள்ளங்கையால் உளியைத் தள்ளிச் செதுக்கும் முறை இது. பாத்திரக்கடையில் டம்ளரில் பெயர் போட்டுத் தரும் மின்சாரப் பேனா வேறு வகை. அதில் நுனி அதிர்ந்து புள்ளி புள்ளியாகக் குத்தும், உலோகம் வெளியே வராது. இங்கே உளி உலோகத்தைச் சுருளாக வெட்டி எடுக்கிறது. கோட்டின் இரு சுவரும் கண்ணாடி மாதிரி மின்னுவது அதனால்தான்.

1. முதலில் வாங்க வேண்டியவை

உளி ஒன்று போதும். கடையில் கிரேவர் என்று கேளுங்கள். பத்து உளி கொண்ட செட் வாங்காதீர்கள்: தட்டை, உருண்டை, கத்தி வடிவம் என்று இருக்கும், ஒன்றையும் ஒழுங்காகத் தீட்டத் தெரியாமல் பத்தையும் கெடுப்பீர்கள். சதுர உளி ஒன்றிலேயே நேர்கோடு, வளைவு, எழுத்து எல்லாம் வரும்.

தயார் உளி கிடைக்கவில்லை என்றால் லேத் வேலைக்கு விற்கும் ஹை ஸ்பீடு ஸ்டீல் சதுரக் கட்டை, 3 மி.மீ. அளவில், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதையே உளியாகத் தீட்டிக்கொள்ளலாம். இந்த எஃகு கிரைண்டரில் கொஞ்சம் சூடானாலும் கெடாது. சாதாரண கார்பன் எஃகு உளி அப்படி இல்லை, நுனி நீலம் பாரித்தால் கடினம் போய்விட்டது என்று அர்த்தம், அந்தப் பகுதியை முழுக்கத் தேய்த்து எடுக்கத்தான் வேண்டும்.

கார்பைடு உளி இப்போது வேண்டாம். கடினம் அதிகம், ஆனால் பக்கவாட்டில் கொஞ்சம் நெம்பினாலே நுனி முறியும். புதிதாகப் பழகுகிறவர் நெம்பாமல் இருக்க மாட்டார்.

தீட்ட வைரத்தூள் தகடு இரண்டு, 400 கிரிட் ஒன்று, 1200 கிரிட் ஒன்று (கிரிட் என்பது சொரசொரப்பின் எண், எண் கூடக் கூட நைசு). மெருகேற்ற 1 மைக்ரான் வைரப் பசை கொஞ்சம், அதைப் பூச ஒரு தட்டையான மரத்துண்டு. அப்புறம் தலையில் மாட்டும் உருப்பெருக்கி, 2.5 மடங்கு. அதற்கு மேல் போனால் பார்வை வட்டம் சுருங்கிவிடும், கோடு எங்கே போகிறது என்று தெரியாது. நுனியைப் பரிசோதிக்க மட்டும் 10 மடங்கு லூப் தனியாக வேண்டும், நகைக்கடைக்காரர்கள் கல் பார்க்க வைத்திருப்பதுதான்.

மதுரை தெற்காவணி மூல வீதி, சென்னை சவுகார்பேட்டை மாதிரி நகைப்பட்டறைகள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் பட்டறைச் சாமான் விற்கும் கடைகளைத் தேடுங்கள். நேரில் போனால் கைப்பிடியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே வாங்கலாம்.

2. எந்த உலோகத்தில் பழகுவது

பித்தளைத் தகடு, 16 கேஜ், அதாவது சுமார் 1.6 மி.மீ. கனம். 50 மி.மீ. சதுரத் துண்டுகளாக அறுத்து ஒரு கட்டு வைத்துக்கொள்ளுங்கள். பித்தளையில் சுருள் சுத்தமாக அறுந்து வரும், நுனியும் சீக்கிரம் மழுங்காது. உங்கள் தவறு எது, உலோகத்தின் குணம் எது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

செம்பு மென்மையானது, சுலபமாக இருக்கும் என்று நினைத்து அதில் ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. மென்மைதான் பிரச்சினை: உளி அதில் புதைந்துபோகும், ஓரங்களில் பிசிறு எழும், சுருள் பிசின் போல ஒட்டும். அலுமினியம் இன்னும் மோசம், நுனியிலேயே அப்பிக்கொள்ளும்.

வீட்டிலிருந்து எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். எவர்சில்வர் உரச உரச இறுகும் உலோகம். ஒரு முறை உளி வழுக்கிய இடம் அடுத்த முறை இன்னும் கடினமாக இருக்கும். அதோடு தட்டு மெலிசு, வளைவு வேறு, பிடிக்கவும் வசதி இல்லை.

பித்தளையில் கை பழகிய பிறகு மைல்டு ஸ்டீல், அதற்கப்புறம் வெள்ளி. வெள்ளியைக் கடைசியில் வைப்பது விலைக்காக மட்டும்தான். செதுக்க அது இதமான உலோகம்.

3. உளியைத் தீட்டுவது

இந்தப் பகுதியை ஒரு தடவை படித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். உளியைத் தீட்டத் தெரிந்தவரிடம் செதுக்கல் தானாக வந்து சேரும். தெரியாதவர் வருடக்கணக்காகக் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

சதுரக் கட்டையின் ஒரு மூலைவிளிம்பு கீழே பார்க்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். அந்த விளிம்புதான் வெட்டும் அடி. அதன் இரு பக்கமும் சேர்ந்து 90 டிகிரி வி வடிவம். 120 டிகிரி உளிதான் நல்லது என்று சொல்கிறவர்களும் உண்டு. 0.1 மி.மீ. ஆழத்துக்கு வெட்டினால் 90 டிகிரி உளி 0.2 மி.மீ. அகலக் கோடு தரும், 120 டிகிரி உளி கிட்டத்தட்ட 0.35 மி.மீ. தரும். அகலமான கோடு பளிச்சென்று தெரியும் என்பது உண்மை. ஆனால் 120 டிகிரிக்குத் தீட்ட கோணம் மாறாமல் பிடித்துத் தரும் நல்ல ஜிக் வேண்டும், கையால் இரு பக்கமும் சமமாக வராது. சதுரக் கட்டையில் 90 டிகிரி ஏற்கெனவே சரியாக இருக்கிறது. அதையே பயன்படுத்துங்கள்.

மேல்புறத்தைக் குறைத்தல். நுனியிலிருந்து சுமார் 15 மி.மீ. தூரத்துக்குக் கட்டையின் மேல்பாதியைக் கிரைண்டரில் சரிவாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சூடு கையில் தெரிந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். மேலே உலோகம் குறைந்தால் வெட்டும் இடம் கண்ணுக்குத் தெரியும், அடுத்து தீட்ட வேண்டிய முகமும் சின்னதாகிவிடும். சின்ன முகம் சில இழுப்பிலேயே கூராகும்.

முகம். முன்பக்கம் 45 டிகிரி சாய்வு. கையால் இந்தக் கோணம் நிற்காது, அதனால் ஒரு மரக்கட்டையின் ஓரத்தை 45 டிகிரியில் அறுத்து, அந்தச் சரிவில் உளி உட்காரும்படி ஒரு காடி வெட்டிக்கொள்ளுங்கள். உளியின் வெட்டும் விளிம்பு மேலே பார்க்கும்படி காடியில் வைத்து, கட்டையோடு சேர்த்து 400 தகட்டில் தேயுங்கள், பிறகு 1200. விளிம்பு கீழே பார்க்க வைத்துவிட்டால் முகம் தலைகீழாகச் சாயும், வெட்டும் முனையே உருவாகாது. இதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். முகம் ஒரே தளமாக, ஒரே நிறமாக மின்ன வேண்டும். இரண்டு தளமாகத் தெரிந்தால் கட்டை ஆடியிருக்கிறது. (பிற்பாடு எஃகில் செதுக்கப் போகும்போது 50, 55 டிகிரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், நுனிக்குப் பலம் கூடும்.)

ஹீல், அதாவது நுனிக்குப் பின்னால் அடியில் தேய்க்கும் சின்னப் பட்டைகள். புதியவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். முகம் மட்டும் தீட்டிய உளியைத் தகட்டில் வைத்தால் அதன் அடிவிளிம்பு முழுவதும் தகட்டில் படுக்கும், கை தகட்டில் உரசும், கையைக் கொஞ்சம் தூக்கினால் நுனி குத்திக்கொண்டு உள்ளே இறங்கும். நுனிக்குப் பின்னால் அடியில் இரண்டு சின்னப் பட்டை தேய்த்துவிட்டால் உளி ஒரு சாய்வில் நின்று, அந்தப் பட்டையின் மேல் ஊர்ந்து போகும். ஆழத்தைக் கட்டுப்படுத்துவது அந்தப் பட்டைதான்.

செய்யும் விதம்: வி வடிவத்தின் ஒரு பக்கத்தை 1200 தகட்டில் முழுசாகப் படுக்க வையுங்கள். நுனி அங்கேயே இருக்க, பின்பக்கத்தை 15 டிகிரி தூக்குங்கள். நுனியிலிருந்து 80 மி.மீ. தள்ளி உளிக்கு அடியில் 21 மி.மீ. உயரக் கட்டை கொடுத்தால் சரியாக 15 டிகிரி வரும். இரண்டு மூன்று இழுப்பு, அழுத்தாமல். அடுத்து மறுபக்கம், அதே கட்டை, அதே எண்ணிக்கை. இரண்டு பட்டையும் சந்திக்கும் அடிக்கோடு இப்போது உளியின் நீளத்துக்குச் சுமார் 20 டிகிரி சாய்ந்திருக்கும், உங்கள் கை தகட்டுக்கு மேலே எழ அது போதும்.

ஹீலின் நீளம் 0.3 முதல் 0.4 மி.மீ., தலைமுடி ஐந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம்தான். இதை லூப்பில்தான் பார்க்க முடியும். நீளமான ஹீல் நேர்கோட்டில் நிலையாகப் போகும், வளைவில் அதன் வால் வெளிச் சுவரைத் தேய்த்துக் கெடுத்துவிடும். இரண்டு பட்டையும் சமமாக இல்லாவிட்டால் உளி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். கையில் என்னதான் திறமை இருந்தாலும் இதைத் திருத்த முடியாது.

மெருகு. மரத்துண்டில் வைரப் பசை தடவி, ஹீல் இரண்டையும் அதே கோணத்தில் மெதுவாகப் பின்னோக்கி இழுங்கள், கடைசியாக முகத்தையும். வெட்டிய சுவரின் மேல் உரசிப் போவது ஹீல், அதன் மேற்பரப்பு எப்படியோ கோட்டின் சுவரும் அப்படித்தான். ஹீலில் 1200 கிரிட் கீறல் இருந்தால் கோடு சாம்பல் பூத்துத் தெரியும். அதே சமயம் தோலிலோ துணியிலோ மெருகேற்றாதீர்கள், அது அமுங்கி நுனியை உருட்டிவிடும்.

சோதனை. கட்டைவிரல் நகத்தில் உளியைச் சாய்வாக, அழுத்தமே இல்லாமல் வையுங்கள். வழுக்கினால் மழுங்கல். அப்படியே பிடித்துக்கொண்டால் சரி. அடுத்து லூப்பில் நுனியை விளக்குக்கு எதிரே திருப்பித் திருப்பிப் பாருங்கள். நல்ல நுனி வெளிச்சத்தைத் திருப்பித் தராது, இருட்டாகவே முடியும். அங்கே ஊசிமுனை அளவு ஒரு மினுக்கு தெரிந்தால் நுனி உடைந்திருக்கிறது. உளி வெட்டவில்லை என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் முதலில் அந்த மினுக்கைத் தேடுங்கள்.

4. கைப்பிடியும் உளியின் நீளமும்

காளான் வடிவக் கைப்பிடி, அடிப்பக்கம் தட்டையாகச் சீவியது. தட்டையாக இல்லாவிட்டால் உளியைத் தாழ்த்தும்போது கைப்பிடி தகட்டில் இடிக்கும்.

குமிழை உள்ளங்கைக் குழியில் வைத்துக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உளியின் இரு பக்கமும் நீட்டிப் பிடித்தால், நுனி விரல்களைத் தாண்டி 15 முதல் 20 மி.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கடையில் வாங்கும் உளி பெரும்பாலும் இதைவிட நீளமாகத்தான் இருக்கும், பின்பக்கத்தைக் கட்டாயம் வெட்டிக் குறையுங்கள். நீளம் கூடினால் விரல் தூரமாகிவிடும், விரல் தூரமானால் உளியை நிறுத்த முடியாது. வெட்டிவிட்டுத்தான் கைப்பிடியில் சொருக வேண்டும். வெட்டும் விளிம்பும் கைப்பிடியின் தட்டைப் பக்கமும் ஒரே நேரில் கீழே பார்க்கட்டும்.

5. தகட்டைப் பிடிப்பதும் உட்காருவதும்

செதுக்குபவர்கள் தகட்டை இறுக்கிப் பிடிக்கப் பயன்படுத்தும் உருண்டை வைஸ் இருந்தால் நல்லது. அதன் விலை தொடக்கத்தில் தேவையற்ற சுமை. மாற்று ஏற்பாடு எளிது: கனமான உருண்டை மரக்கட்டை ஒன்று, அதற்கு அடியில் மணல் நிரப்பிய தடித்த துணிப்பை. பழைய ஜீன்ஸ் துணி இரண்டு மடிப்பாகத் தைத்தால் கிழியாது. கட்டை மணல் பையின் மேல் எந்தப் பக்கமும் சாயும், சுழலும், ஆனால் தானாக நகராது. நமக்குத் தேவை அவ்வளவுதான்.

தகட்டைக் கட்டையில் அரக்கில் ஒட்டுங்கள். கட்டையில் அரக்கை உருக்கிப் பரப்பி, தகட்டையும் லேசாகச் சூடாக்கி அதன் மேல் அமர்த்துங்கள். குளிர்ந்த தகட்டைச் சூடான அரக்கில் வைத்தால் மேலே ஒட்டியது போலத் தோன்றும், முதல் தள்ளலில் பெயர்ந்து வந்துவிடும். பழைய பட்டறைக் கலவையான குங்கிலியமும் செங்கல் தூளும் கொஞ்சம் எண்ணெயும் உருக்கிய மெழுகும் நன்றாகவே பிடிக்கும். இரட்டைப் பக்க டேப் வேண்டாம், அது ரப்பர் போல அசையும், அந்த அசைவு அப்படியே கோட்டில் தெரியும்.

மேசை உயரம்தான் எல்லோரும் அலட்சியப்படுத்துவது. சாப்பாட்டு மேசை உயரத்தில் உட்கார்ந்தால் குனிந்து, தோளைத் தூக்கி, கழுத்து வலியோடு வேலை செய்ய வேண்டிவரும். தகடு உங்கள் நெஞ்சு உயரத்துக்கு வர வேண்டும், முழங்கையும் முன்கையும் மேசையில் படிந்திருக்க வேண்டும். மேசையை உயர்த்த முடியாவிட்டால் நாற்காலியைத் தாழ்த்துங்கள். முன்கை அந்தரத்தில் இருக்கும்வரை கை நடுக்கம் போகாது, அது நரம்புத் தளர்ச்சி இல்லை, தாங்கல் இல்லாத குறை.

வெளிச்சம் பரவலாக இருக்கட்டும். எல்இடி விளக்குக்கு முன்னால் ஒரு டிரேசிங் பேப்பரை மாட்டினாலே போதும். நேரடி விளக்கில் பித்தளை கண்ணைக் கூசும், கூசினால் நுனி எங்கே இருக்கிறது என்று தெரியாது.

6. மேற்பரப்பும் வரைவதும்

தகட்டை 400, 800, 1200 எமரி பேப்பரில் வரிசையாகத் தேயுங்கள், பேப்பருக்கு அடியில் தட்டையான கண்ணாடி வைத்து, ஒரே திசையில். கண்ணாடிப் பளபளப்புக்குப் போகாதீர்கள், அதில் உங்கள் முகம்தான் தெரியும், கோடு தெரியாது.

வெள்ளை போஸ்டர் கலரை விரல் நுனியில் துளி எடுத்துத் தகட்டில் தட்டித் தட்டிப் பூசுங்கள். காய்ந்ததும் அதன் மேல் கூரான பென்சிலால் வரையலாம். பென்சில் கோடு கை பட்டதும் அழிந்துவிடும், அதனால் ஒரு கூரான எஃகு ஊசியால் அதன் மேலேயே மெல்லக் கீறிவிடுங்கள். அழுத்தக் கூடாது. ஆழமாகக் கீறினால் உளி அந்தக் கீறலுக்குள் விழுந்து அதன் இஷ்டத்துக்குப் போகும், நீங்கள் நினைக்கும் இடத்துக்கு வராது.

முதல் தகட்டில் படம் எதுவும் வேண்டாம். 1 மி.மீ. இடைவெளியில் இணைகோடுகள், ஒவ்வொன்றும் 10 மி.மீ. நீளம், இரண்டு முனையிலும் எல்லைக்கோடு. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே மாதிரி கோடுகள் வரிசையாக இருந்தால்தான் எந்தக் கோடு ஏன் மாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

7. முதல் கோடு

வலது கட்டைவிரல் தகட்டிலோ கட்டையிலோ அழுந்தி நிற்க வேண்டும். உளி அந்த விரலை உரசிக்கொண்டு முன்னே போகும், விரல் போகாது. உங்கள் பிரேக் அதுதான். கட்டைவிரலும் உளியோடு சேர்ந்து நகர்ந்தால் வழுக்கும்போது பிடிக்க ஒன்றும் இல்லை.

இடது கை கட்டையைப் பிடித்திருக்கும், விரல்கள் எப்போதும் நுனிக்குப் பின்னால். நுனிக்கு நேர் எதிரே ஒரு விரலும் இருக்கக் கூடாது. தீட்டிய உளி வழுக்கினால் விரலில் ஆழமாக இறங்கும். இதில் சமாதானமே கிடையாது.

நுனியைக் கோட்டின் தொடக்கத்தில் வைத்து, கைப்பிடியைக் கொஞ்சம் தூக்குங்கள். நுனி கடித்ததும் உடனே தாழ்த்தி, ஹீல் தகட்டில் அமரும் கோணத்துக்கு வந்துவிடுங்கள். அந்தக் கோணத்தில் உள்ளங்கையால் மெதுவாகத் தள்ளுங்கள். தூக்கினால் ஆழம், தாழ்த்தினால் மேலே வரும். இந்த ஒன்றை உங்கள் கை புரிந்துகொண்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

விசை தோளிலிருந்து முன்கை வழியாக உள்ளங்கைக்கு வர வேண்டும், விரல்கள் திசை காட்ட மட்டும். விரலால் தள்ளினால் கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துப்போகும், கோடும் துள்ளித் துள்ளி வரும். தள்ளும்போது மணிக்கட்டை இடம் வலமாக மிக லேசாக உருட்டுவது பலருக்கு உதவும், உளி சிக்காமல் முன்னேறும்.

சரியாக வெட்டும்போது நுனிக்கு முன்னால் மயிரிழை போன்ற பித்தளைச் சுருள் எழுந்து, சுருண்டு, பக்கமாகச் சாயும். தூளாக வந்தால் ஆழம் போதாது அல்லது உளி மழுங்கியிருக்கிறது. தடித்த பட்டையாக வந்து கை திணறினால் ஆழம் அதிகம். தகட்டைவிடச் சுருளைப் பார்த்துப் பழகுங்கள், கோடு கெடும் முன்பே சுருள் சொல்லிவிடும்.

கோட்டின் முடிவில் சுருள் தகட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை உளியால் நெம்பி எடுக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். செய்யாதீர்கள், நுனி முறிவதில் பெரும்பங்கு இந்த நெம்பலில்தான். உளியைப் பின்னுக்கு எடுத்துவிட்டு, தகட்டைத் திருப்பி, எல்லைக்கோட்டுப் பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் ஒரு சின்ன வெட்டு கொடுத்தால் சுருள் தானாக அறுந்து விழும். கோட்டைக் கூராக முடிக்க விரும்பினால் கடைசி இரண்டு மில்லிமீட்டரில் கைப்பிடியைப் படிப்படியாகத் தாழ்த்துங்கள், உளி தானே மேலே ஏறி வெளியே வந்துவிடும்.

சுருள்களை வாயால் ஊதாதீர்கள், கண்ணில் விழும். கையாலும் துடைக்காதீர்கள், தோலில் ஏறும். மென்மையான பிரஷ் போதும். கண்ணாடி எப்போதும் போட்டிருங்கள், நுனி முறிந்தால் எங்கே பறக்கும் என்று தெரியாது. எண்ணெய் நனைத்த பஞ்சைப் பக்கத்தில் வைத்து அவ்வப்போது நுனியைத் தொட்டுக்கொண்டால் வெட்டு இன்னும் இலகுவாகும்.

8. வளைவு

வளைவில் உளி திரும்பக் கூடாது, தகடுதான் திரும்ப வேண்டும். வலது கை கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்று நேராகத் தள்ளும், இடது கை கட்டையைச் சுழற்றி நுனிக்குள் ஊட்டும். மணிக்கட்டை வளைத்து வளைவு போடப் பார்த்தால் உளியின் சாய்வு ஒவ்வொரு இழையிலும் மாறும், கோடு ஒரு பக்கம் அகன்று ஒரு பக்கம் மெலிந்து போகும்.

முதலில் கால் வட்டங்கள், 10 மி.மீ. ஆரம். பிறகு 5. வட்டத்தை ஒரே மூச்சில் வெட்ட நினைக்காதீர்கள். கை வசதியாக இருக்கும்வரை வெட்டி, நுனியைக் கோட்டுக்குள்ளேயே விட்டு, கையை மறுபடி அமைத்துக்கொண்டு தொடருங்கள். நுனியை எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் அந்த இடத்தில் முடிச்சு விழும்.

ஆரம் சிறிதாகச் சிறிதாக ஹீலும் குறைய வேண்டும். 5 மி.மீ.க்குக் கீழே போகும்போது வெளி ஓரத்தில் மட்டும் பிசிறு எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் ஹீல் நீளம். முகத்தை 1200 தகட்டில் சில இழுப்பு தேய்த்தாலே நுனி பின்வாங்கி ஹீல் குறைந்துவிடும், ஹீலைத் தொடவே தேவையில்லை.

9. கோடு கெட்டால் எங்கே பார்ப்பது

வரிசை எப்போதும் ஒன்றுதான்: நுனி, ஹீல், தகட்டின் பிடிப்பு, உட்காரும் நிலை. இவை நான்கும் சரியாக இருந்தால் மட்டும் கையைச் சந்தேகப்படுங்கள்.

உளி வழுக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் நுனி உடைந்திருக்கும். இல்லையென்றால் கைப்பிடி தாழ்ந்துபோய் ஹீல் மட்டும் உரசுகிறது. மழுங்கிய உளிக்கு அதிக விசை கொடுப்பதுதான் பெரிய கீறல்களுக்கும் காயங்களுக்கும் காரணம், வழுக்கியதும் நிறுத்தித் தீட்டுங்கள்.

உள்ளே புதைகிறது என்றால் ஹீல் இல்லை அல்லது நீங்கள் தூக்கிப் பிடிக்கிறீர்கள். ஒரு பக்கமாகவே இழுக்கிறது என்றால் ஹீல் சமமில்லை. கோட்டின் ஒரு சுவர் மின்னி மற்றது மங்கலாக இருந்தால் மங்கிய பக்கத்து ஹீலுக்கு மட்டும் மெருகு போதவில்லை. நுனி அடிக்கடி முறிந்தால் எங்கோ நெம்புகிறீர்கள். கோடு அலையடித்தால் பெரும்பாலும் அரக்கு விட்டிருக்கும், தகட்டின் மூலையை விரலால் அழுத்திப் பாருங்கள்.

ஒரு கோட்டையே மறுபடி மறுபடி வெட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அது அகலும், அவ்வளவுதான். பழகும் தகட்டில் கெட்டது கெட்டபடி கிடக்கட்டும், அடுத்த கோட்டுக்குப் போங்கள்.

10. முதல் பெயர்

நேர்கோடும் வளைவும் நம்பிக்கை தந்த பிறகு எழுத்துக்கு வாருங்கள். எழுத்தின் உயரம் 8 மி.மீ. சின்னதாக எழுதினால் தவறு தெரியாது என்று நினைப்பார்கள், நேர்மாறாகத்தான் நடக்கும், சின்ன எழுத்தில் ஒரு இழை விலகினாலும் கண்ணில் குத்தும்.

ட, ப இரண்டிலும் ஆரம்பியுங்கள், நேர்கோடுகள் மட்டும். அடுத்து ம, ய, ல. சுழி உள்ள ன, ண, ஐ கடைசியில். ண-வின் சுழிகள் 8 மி.மீ. உயர எழுத்தில் 2 மி.மீ. அளவுக்குத்தான் வரும், அதற்கு ஹீல் மிகச் சின்னதாக இருக்க வேண்டும். அதனால் பெயரில் சுழி எழுத்து நிறைய இருந்தால் முதல் முயற்சிக்கு வேறு பெயர் தேர்ந்தெடுங்கள்.

பெயரைப் பேப்பரில் எழுதி, இடைவெளி கண்ணுக்குச் சரியாக வரும்வரை திருத்துங்கள். வெள்ளை பூசிய தகட்டின் மேல் கார்பன் பேப்பர், அதன் மேல் எழுத்து, கூரான பென்சிலால் ஒரு முறை. பிறகு ஊசியால் மெல்லிய கீறல்.

எழுத்து எழுத்தாக வெட்டாதீர்கள். முதலில் பெயர் முழுவதிலும் உள்ள நிமிர்ந்த கோடுகள் எல்லாம், அப்புறம் படுக்கைக் கோடுகள் எல்லாம், கடைசியில் வளைவுகள். கை ஒரே நிலையில் இருக்கும்போது வெட்டியவை ஒரே ஆழத்தில் இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் கட்டையைத் திருப்பித் திருப்பி வெட்டினால் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் நிற்கும்.

முதல் சுற்றில் எல்லாக் கோடும் மெலிசாக, வெறும் தடம் மட்டும். இரண்டாவது சுற்றில் அதே தடத்தில் கொஞ்சம் ஆழமாக. முதல் சுற்றில் விலகியிருந்தால் இரண்டாவதில் உளியைக் கோடு வந்திருக்க வேண்டிய பக்கம் கொஞ்சம் சாய்த்து மறைத்துவிடலாம். முதலிலேயே ஆழம் போய்விட்டால் திருத்த இடமே இருக்காது. மெய்யெழுத்துப் புள்ளிக்கு நுனியைச் செங்குத்தாக வைத்து லேசாக அழுத்தியபடி கட்டையை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள், வட்டமான குழி விழும்.

முடிந்ததும் வெள்ளையைக் கழுவிவிடுங்கள். அரக்கில் இருந்து எடுக்க மறுபடி லேசாகச் சூடாக்கினால் போதும், ஒட்டியிருப்பதை ஸ்பிரிட்டில் நனைத்த துணி எடுத்துவிடும். பிறகு கண்ணாடிமேல் விரித்த 1200 பேப்பரில் தகட்டைக் கவிழ்த்து மூன்று நான்கு இழுப்பு மட்டும் இழுங்கள். பேப்பரை விரலில் சுற்றித் தேய்த்தால் விரல் கோட்டுக்குள் அமுங்கி ஓரங்களை மழுக்கிவிடும், மெல்லிய கோடுகள் காணாமலே போகும்.

எழுத்து கறுப்பாகத் தெரிய வேண்டுமானால் கறுப்பு எனாமல் பெயிண்டைக் கோடுகளுக்குள் தேய்த்து, அரைகுறையாகக் காய்ந்ததும் தட்டையான அட்டைத் துண்டால் மேற்பரப்பை வழித்து எடுங்கள். துணியால் துடைத்தால் கோட்டுக்குள் இருக்கும் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும்.